இருபத்திரண்டு மீட்டர்

வேலை தொடங்கிய இரண்டாம் நாள் காலையில் வந்து பார்த்தபோது, புனிதவதி நிலத்தை அளப்பதற்காக முந்தின நாள் நட்டுவைத்திருந்த சிவப்புக் கொடிக் குச்சிகளில் பதினேழைக் காணவில்லை. பதினெட்டாவதை ஒருவர் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, என்ன செய்றீங்க?"

அவர் நிமிர்ந்தார். அறுபது வயதிருக்கும். பிடுங்கிய குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மாடு மேயுற எடம். கால்ல குத்தும்."

கண்ணுக்கெட்டிய தூரம்வரை மாடு ஒன்றுகூட இல்லை. போன வருஷம் வெட்டிச் சாய்த்த எண்ணெய்ச் செம்பனையின் அடிக்கட்டைகள்தான் ஒன்பது மீட்டருக்கு ஒன்றாக நின்றன. அவர் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் நடந்தார்.

மலேசியாவில், ஈஜோக்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகும் சாலையில் உள்வாங்கி இருந்தது கிரெய்க்மோர் தோட்டம். தோட்டம் என்று பெயர்தான். நிலத்தை வாங்கிய நிறுவனம் அங்கே பெரிய பெரிய கிடங்குகள் கட்டப்போகிறது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு லயம், அதில் பதினொரு குடும்பம். அவர்கள் மாவட்ட அலுவலகத்துக்கு மனு கொடுத்திருந்தார்கள்: எங்கள் இடுகாடு இந்த நிலத்துக்குள் இருக்கிறது, அதன்மேல் கட்டக் கூடாது. எந்த வரைபடத்திலும் இடுகாடு இல்லை என்றது நிறுவனம். அப்படியானால் தோண்டாமல் நிலத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுங்கள், மண்ணின் தன்மையும் அதில் வரட்டும் என்று அலுவலகம் சொல்லிவிட்டது.

அதற்காக வந்தவள்தான் புனிதவதி. உலு யாம் ஊர்க்காரி. மண்ணுக்குள் இருப்பதை மேலிருந்தபடியே பார்த்துச் சொல்லும் வேலையில் அவளுக்குப் பத்து வருஷ அனுபவம். அவளோடு உதவிக்கு அகிலன் என்ற டெக்னீசியன். இருவரும் வேலை பார்த்த நில ஆய்வுக் கம்பெனியை அமர்த்தியது கட்டப்போகிற அதே நிறுவனம். அது லயத்துக்காரர்களுக்குத் தெரியும். முதல் நாள் மத்தியானம் வெயிலில் நின்று தண்ணீர் கேட்டபோது, குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த பெண் கேட்டாள்:

"ஒனக்குச் சம்பளம் குடுக்கிறது அவங்கதானே?"

"ஆமா ஆன்டி."

"அப்பறம் நீ என்னத்தச் சொல்லிறப் போற?"

அந்தப் பெண்ணின் பெயர் மாடில்டா. அறுபத்தாறு வயது. மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. தண்ணீர் கொடுத்தாள், ஆனால் குடித்து முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

"எழுபத்தொம்பதுல என் மூத்த பையன அங்கதான் பொதைச்சோம். எட்டு மாசக் கொழந்த, காய்ச்சல்ல போயிட்டான். மறு வருஷமே எங்க வீட்டுக்காரருக்கு சுங்கை சோ பக்கம் வேல கெடைச்சிப் போயிட்டோம். பத்து வருஷம் கழிச்சித் திரும்பி வந்தா, ரப்பரு இல்ல, பாத இல்ல, எல்லாம் செம்பன. எந்த எடம்னு எனக்குத் தெரியல. ஆனா மேட்டுல ஏறுனோம், அது ஞாபகம் இருக்கு. வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டுனா உள்ள மணலு."

மறுநாள் கொடி பிடுங்கியவரைப் பற்றிக் கேட்டபோது மாடில்டாவின் முகம் சுருங்கியது.

"அந்தோணிதாசா? டிராக்டர் ஓட்டுனவன். மனுவுல கையெழுத்துப் போடாத ஒரே ஆளு அவன்தான். கேட்டா, இடுகாடு ஆத்தோரம் இருந்திச்சி, கர சரிஞ்சி ஆத்தோட போயிரிச்சின்னு சொல்வான். ஆத்தோரத்துல ஏதும்மா மேடு?"

புனிதவதிக்கு அப்போதே ஒரு முடிவு மனசில் விழுந்துவிட்டது. கையெழுத்துப் போடாதவர், கொடியைப் பிடுங்குகிறவர். நிறுவனம் இவரை வளைத்துப் போட்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் நிறுவனத்தின் திட்ட மேலாளர் ரவீந்திரனிடம் கொடி விஷயத்தைப் போனில் சொன்னாள். அவரை மடக்கிப் பார்க்கும் எண்ணத்தோடுதான் சொன்னாள். ஆனால் ரவீந்திரன் கோபப்பட்டார்.

"யாரு அந்த ஆளு? எங்க பேர கெடுக்கிறதுக்குன்னே செய்றாங்க மிஸ் புனிதா. நாளைக்கு உங்க ரிசல்ட்டு அவங்களுக்கு ஒத்து வரலன்னா, கொடிய நாங்கதான் மாத்துனோம்னு சொல்வாங்க. போய் ஒரு போலீஸ் ரிப்போர்ட் போடுங்க. நான் காவலுக்கு ஜாகா ஒருத்தர நிறுத்துறேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. புனிதவதி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் அந்தோணிதாசைக் கூப்பிட்டு மத்தியானம் முழுவதும் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு லயத்தில் யாரும் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, மாடில்டாகூட.

வேலை நடந்தது. முதல் இரண்டு நாளும் மண்ணின் தன்மையைப் பார்க்கும் அளவை. இரும்பு முளைகளை வரிசையாக அடித்து, அவற்றின் வழியே மின்சாரம் விட்டு, மண் எவ்வளவு தடுக்கிறது என்று பதிவுசெய்வது. ஈரக் களிமண் மின்சாரத்தைச் சுலபமாக விட்டுவிடும், காய்ந்த மணல் தடுக்கும். தோட்டம் முழுக்கக் களிமண். ஒரே ஓர் இடம் தவிர. மூன்றாம் பகுதி என்று வரைபடத்தில் குறித்திருந்த இடத்தில், ஆறு எப்போதோ தடம் மாறியபோது விட்டுப் போன மணல் மேடு ஒன்று இருந்தது. பார்வைக்கு மேடு என்று தெரியாது, ஒன்றரை மீட்டர் உயரம்தான். ஆனால் திரையில் நீலத்துக்கு நடுவே சிவப்பாக, நீளமாக, படுத்திருக்கும் எருமையைப் போலத் தெரிந்தது.

செருப்புக்குள் மணல் என்று மாடில்டா சொன்னது புனிதவதிக்கு உடனே நினைவுக்கு வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அகிலன் மட்டும் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான்.

அந்த மேட்டைச் சுற்றி நான்கு மூலைகளிலும் நீலச் சாயம் பூசிய மர முளைகளை அடித்து, ஒவ்வொன்றின் இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் பதிந்துகொண்டாள். மூன்றாம் நாள் அந்த முளைகளுக்கு நடுவே டேப் பிடித்து, கோடு கோடாக ரேடார் வண்டியைத் தள்ள வேண்டும். புல் வெட்டும் மிஷின் மாதிரி இருக்கும் அந்த வண்டி, தரைக்குள் அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்கும்.

மூன்றாம் நாள் காலை ரவீந்திரன் அவளை கோலசிலாங்கூர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அனுமதிக் கடிதத்தில் ஏதோ கையெழுத்து விட்டுப் போயிற்றாம். போய் முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். கையெழுத்து அரை நிமிஷ வேலை. தோட்டத்துக்கு வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. அகிலன் வண்டியைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான்.

நாற்பத்தொரு கோடு தள்ளினார்கள். ஒன்றிலும் ஒன்றுமில்லை. கண்ணாடி துடைத்ததுபோல் இருந்தது படம்.

"கிளீன் அக்கா," என்றான் அகிலன்.

"ஆமா."

எப்படித் தெரிந்ததோ, இரண்டு மணிக்கே ரவீந்திரன் அழைத்தார். "ஒன்னும் இல்லையாமே? நல்லது. சுருக்கமா ரெண்டு பக்கம் எழுதி இன்னிக்கே அனுப்பிருங்க. மத்ததெல்லாம் மெதுவா வரட்டும்."

புனிதவதி அகிலனைப் பார்த்தாள். அவன் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அறைக்குத் திரும்பாமல், மீன் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஒன்றுமில்லை என்பது அவளை உறுத்தவில்லை. ஒன்றுமில்லாத இடங்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். உறுத்தியது வேறு. ரேடார் அலை அரை மீட்டர் ஆழத்தில் செத்துப்போயிருந்தது, நாற்பத்தொரு கோட்டிலும். களிமண்ணில்தான் அப்படிச் சாகும். மணலில் இரண்டு மீட்டர்வரை சாதாரணமாகப் போகும். முந்தின அளவையின்படி அந்த இடம் மணல். இன்றைய ரேடாரின்படி களிமண். ஒரே இடம் இரண்டாக இருக்க முடியாது.

இரண்டு முறை சரிபார்த்தாள். தேத்தண்ணி ஆறிப்போயிற்று. மிஷினில் கோளாறு இல்லை.

மறுநாள் ஏழு மணிக்கு, அகிலனிடம் சொல்லாமல் தனியாகப் போனாள். ஜாகா அவளைப் பார்த்துத் தடுமாறி, யாருக்கோ போன் பண்ண எடுத்தான். அவள் நிற்கவில்லை. ஜிபிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு முதல் முளைக்குப் போய் வைத்தாள். முளை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்று, நான்கு, எல்லாம் கிழக்கே வடிகாலைப் பார்த்து நகர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் இருபத்திரண்டு மீட்டர். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மேட்டின் மேல் போக வேண்டிய ரேடார், நேற்று முழுவதும் மேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சகதிமேல் போயிருக்கிறது.

அவள் மனசு முதலில் அந்தோணிதாசிடம்தான் ஓடியது. அப்புறம் நின்றது. ஆத்திரத்தில் பிடுங்குகிறவர் பிடுங்கி எறிவார். நான்கு முளையையும் ஒரே அளவுக்கு, ஒரே திசையில் நகர்த்தி, சதுரம் கலையாமல் திரும்ப அடிக்க டேப் வேண்டும், கோணம் பார்க்கத் தெரிய வேண்டும். அது தெரிந்தவர்கள் இந்தத் தோட்டத்தில் இரண்டே பேர். ஒருத்தி, நேற்றுக் காலை கோலசிலாங்கூரில் ஒரு கையெழுத்துக்காக உட்கார்ந்திருந்தாள்.

எட்டு மணிக்கு அகிலன் வந்தான். அவள் நான்காவது முளைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவன் நடை தளர்ந்தது.

"நேத்து எத்தன மணிக்கு வந்தே?"

"ஒன்பது இருக்கும் அக்கா."

"ஜாகா புக்குல ஏழு இருபதுன்னு எழுதியிருக்கே."

அவள் புக்கைப் பார்க்கவே இல்லை. ஆனால் அகிலன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மிஸ்டர் ரவீந்திரன்தான் சொன்னாரு. கொஞ்சம் தள்ளி வையி, யாருக்கும் நஷ்டம் இல்ல, எப்பவோ செத்தவங்கதானேன்னாரு. ப்ராஜெக்ட் ஆரம்பிச்சா சைட் சூப்பர்வைசரா எடுத்துக்கிறேன்னாரு. சாரி அக்கா."

"அங்க இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"பழைய மேப் ஒன்னு வச்சிருக்காரு. அதுல அந்த மேட்டுல சின்னதா சிலுவ போட்டிருக்கு. என்கிட்ட காட்டுனாரு."

புனிதவதிக்கு அவன்மேல் கோபம். அதைவிட, ரவீந்திரன் சொன்னதும் போய்க் கையெழுத்துப் போட்ட தன்மேல். "வேன் சாவியக் குடுத்துட்டுப் போ," என்றாள். அவன் கொடுத்துவிட்டு, செம்மண் பாதையில் சாலைவரைக்கும் நடந்தே போனான்.

மூலை முளைகளைப் பழைய இடத்தில் அடித்தாள். ஆனால் ரேடார் தள்ள இன்னொரு ஆள் வேண்டும், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க. லயத்துக்குப் போனாள். வாசல்களில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மாடில்டா மட்டும் நின்றாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள் புனிதவதி.

மாடில்டா வாசலை விட்டு நகராமல் கேட்டாள்:

"இதுவும் அவங்க சொல்லிக் குடுத்த நாடகமா?"

"இல்ல ஆன்டி."

"சரி. நான் புடிக்கிறேன். ஒனக்காக இல்ல. நீ எந்த எடத்துல தள்ளுற, என்ன எழுதுறன்னு நான் கண்ணால பாக்கணும்."

ஆக, மாடில்டா தொப்பியைப் போட்டுக்கொண்டு டேப்பின் நுனியைப் பிடித்தாள். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் வந்து திரையைப் பார்த்தாள். ஆறாவது கோட்டில், படுக்கையாக ஓடிக்கொண்டிருந்த மணல் அடுக்குகள் ஓரிடத்தில் அறுந்தன. கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி அறுந்தன. அப்புறம் மறுபடி.

"இது என்ன?"

"எப்பவோ தோண்டி மூடுன குழி. எலும்பெல்லாம் இதுல தெரியாது. தோண்டுன மண்ணு மட்டும் தனியாத் தெரியும்."

"பன வேரா இருந்தா?"

அந்தக் கேள்வியைக் கேட்கிற அளவுக்கு அவள் கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்பது புனிதவதிக்குப் பிடித்திருந்தது. "பன ஒன்பது மீட்டருக்கு ஒன்னு. இது ரெண்டு மீட்டருக்கு ஒன்னு வருது. வேரு இப்படி நேர்க்கோட்டுல வராது."

மத்தியானம் மூன்று மணிக்குள் எண்ணிக்கை ஐம்பத்தெட்டு ஆயிற்று. பெரும்பாலும் ஆள் நீளம். மேற்கு மூலையில் மட்டும் ஒன்பது குழிகள், ஒரு மீட்டரைத் தாண்டாதவை.

மாடில்டா அந்த மூலையில் போய் நின்றாள். "இதுல எதும்மா?" என்றாள்.

"அது இதுல தெரியாது ஆன்டி."

"ஒன்பதுல ஒன்னுதானே. எதுன்னு சொல்ல முடியாதா?"

"முடியாது."

அப்போதுதான் அந்தோணிதாஸ் வடிகாலைத் தாண்டி வருவதைப் பார்த்தார்கள். தடுக்கப் போன ஜாகாவை விலக்கிவிட்டு, அவர் மேட்டின் நடுவில் வந்து நின்றார். புனிதவதி முந்திக்கொண்டாள்.

"ஐயா, நான் உங்கமேல ரிப்போர்ட் போட்டது தப்பு. முளைய மாத்தி வேலையக் கெடுத்தது வேற ஆளு. இன்னிக்கே போய் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"முளைய நான் தொடல. கொடிய நான்தான் புடுங்குனேன்," என்றார் அவர். "மிஷினு கண்டுபுடிச்சிரும்னு பயம்."

"நீங்க அவங்க ஆளா?"

"நான் யாரு ஆளும் இல்ல." மாடில்டாவை அவர் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்தே பேசினார். "எம்பத்திமூணுல ரப்பர வெட்டிட்டு செம்பன நட்டப்ப, வேல வாங்குற மண்டோரு வந்து மேட்டச் சமப்படுத்துன்னாரு. எனக்கு இருபது வயசு. டிராக்டர் கையில குடுத்து ஆறு மாசம்தான் ஆச்சி. முடியாதுன்னா வேலைய விட்டுப் போன்னுவாங்க. ஞாயித்துக்கெழம, எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பாத்து ஓட்டச் சொன்னாங்க. சிலுவ, சூலம், நட்ட கல்லு, எல்லாத்தையும் தள்ளி அந்த வடிகால்ல போட்டு மூடுனேன். சாயங்காலம் எல்லாரும் வந்து அழுதாங்க. கம்பெனி ஆளு வெளியிலேருந்து வந்து செஞ்சிட்டுப் போயிட்டான்னு சொன்னேன். நம்புனாங்க. அப்ப இருந்த ஆளுங்க ஒவ்வொருத்தரா வேற தோட்டத்துக்குப் போயிட்டாங்க. புதுசா வந்தவங்ககிட்டயும் திரும்பி வந்தவங்ககிட்டயும் ஆத்தோட போச்சின்னு சொல்லிட்டேன்."

சாலையில் ஒரு லோரி போகும் சத்தம் கேட்டது.

"முப்பது வருசத்துக்கு மேல ஒரே வரிசையில குடியிருக்கோம்," என்றாள் மாடில்டா. குரல் உயரவில்லை. "என் மக கல்யாணத்துல சோறு பரிமாறுனே. எம் புருசன் செத்தப்ப பொட்டியத் தூக்குனே. ஒவ்வொரு வருசமும் நான் எந்த எடம்னு தெரியாம ஊரெல்லாம் கேட்டப்ப, நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தே."

"ஆமாக்கா."

அவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டு லயத்துக்குப் போய்விட்டாள். அந்தோணிதாஸ் அங்கேயே உட்கார்ந்தார். மிச்சம் மூன்று கோடுகள் இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து டேப்பின் நுனியை எடுத்தார். புனிதவதி வேண்டாம் என்று சொல்லவில்லை.

அறிக்கையில் அவள் இரண்டு அளவையையும் போட்டாள். இடம் மாறிய முளைகளோடு எடுத்தது, சரியான இடத்தில் எடுத்தது, எப்படி மாறின என்பது, எல்லாம். நிறுவனத்துக்கு ஒன்றும் மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்றுமாக ஒரே நேரத்தில் அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் ரவீந்திரன் அழைத்தார்.

"உங்கள வேலைக்கு வச்சது யாருன்னு மறந்துட்டீங்களா?"

"அந்தப் பழைய மேப்ப அலுவலகத்துக்கு அனுப்பிருங்க மிஸ்டர் ரவீந்திரன். அவங்க கேப்பாங்க."

"எந்த மேப்?" என்றார் அவர். அப்படி ஒன்று இருப்பதாகக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அகிலன் வேறு வேலை தேடிக்கொண்டு ஜொகூருக்குப் போய்விட்டான். அவன் சாட்சி சொல்ல வரவில்லை. புனிதவதியின் முதலாளி அவளைத் திட்டவில்லை, ஆனால் அடுத்த நான்கு மாதம் வெளி வேலைக்கு அனுப்பாமல் அலுவலகத்திலேயே உட்கார வைத்தார். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. யார் என்று கேட்கவில்லை.

மாவட்ட அலுவலகத்து ஆட்கள் வந்து, அறிக்கையில் குறித்த இரண்டு இடங்களில் மட்டும் மேல்மண்ணைப் பக்குவமாகச் சீவிப் பார்த்தார்கள். குழியின் விளிம்பு தெரிந்ததும் மூடிவிட்டார்கள். கட்டட வரைபடத்தைத் திருத்த உத்தரவு வந்தது. மணல் மேட்டைச் சுற்றி வேலி போட்டார்கள். லயத்தை அது காப்பாற்றவில்லை. பதினொரு குடும்பத்துக்கும் பெஸ்தாரி ஜெயாவில் அடுக்குமாடி வீடு ஒதுக்கியாயிற்று.

காலி செய்வதற்கு முந்தின வாரம் புனிதவதி தோட்டத்துக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. போலீஸ் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கிய கடிதத்தை அந்தோணிதாஸ் கையில் கொடுக்க வேண்டும் என்று போனாள். அவர் வீட்டில் இல்லை. மேட்டில் இருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

வேலிக்குள் அவரும் மாடில்டாவும் நின்றுகொண்டிருந்தார்கள். டிராக்டர் விஷயம் வெளிவந்த நாளிலிருந்து அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை என்றும் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னாள். புனிதவதி வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

அவர் சின்னக் குழிகள் இருந்த மேற்கு மூலையில் கையைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். "ஓரத்துலேருந்து மூணாவது. அப்ப ஒரு செம்பருத்தி நட்டு வச்சிருந்தீங்க. அத நான்தான் மொதல்ல தள்ளுனேன். அதனால மறக்கல."

"பொய் சொல்லல இல்ல?"

"இல்லக்கா."

"இன்னொரு தடவ காட்டு."

அவர் நடந்து போய் அந்த இடத்தில் நின்றார். மாடில்டா நம்பாதவள்போல வேலியோரத்திலிருந்து காலடி காலடியாக வைத்துத் தானே எண்ணிப் பார்த்தாள். அப்புறம் அவரை அங்கிருந்து நகரச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.